1258: பாக்தாத் வீழ்ந்த ஆண்டில் மற்ற இடங்களில் என்ன நடந்தது?

வைகைக்கரையான் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஆண்டுவாரியாகப் பார்த்து வருகிறோம், இந்த முறை 1258. இந்த ஆண்டைச் சொன்னதுமே பாக்தாத் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். ஆனால் ஆண்டுக் குறிப்புகளைப் புரட்டினால் எல்லாமே ஒற்றை வரியில் கிடக்கின்றன. பாக்தாத் வீழ்ந்தது, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு விதிகள், சிசிலியில் மான்ஃப்ரெட் முடிசூடினார், நைசியாவில் தியோடர் இறந்தார். எது எதனால் நடந்தது என்று அதில் தெரியாது.

ஒரு வேண்டுகோள். ஒரே ஆண்டில் நடந்தது என்பதற்காக மட்டும் இரண்டு சம்பவங்களை முடிச்சுப் போட வேண்டாம். பணமோ, படையோ, சரக்கோ, ஆளோ அங்கிருந்து இங்கே வந்திருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

நான் பாக்தாத்தில் தொடங்குகிறேன். மங்கோலியப் பேரரசர் மோங்கே கானின் தம்பி ஹுலாகு 1253இல் மங்கோலியாவிலிருந்து கிளம்பினார். 1256இல் அலமூத் மலைக்கோட்டைக்காரர்களை அடக்கினார். அடுத்து பாக்தாத்தில் இருந்த கலீபா அல் முஸ்தஸிமுக்கு, பணிந்து வா என்று ஓலை போனது. கலீபா பணியவுமில்லை, சண்டைக்கு ஒழுங்காகத் தயாராகவுமில்லை. 1258 ஜனவரி 29 அன்று முற்றுகை தொடங்கியது. பக்கத்தில் கல் கிடைக்காததால் பேரீச்ச மரங்களை வெட்டி, அந்தத் துண்டங்களைக் கவண்பொறிகளில் வைத்து எறிந்தார்கள். பிப்ரவரி 10 அன்று கலீபா தம் பிள்ளைகளோடு வெளியே வந்து சரணடைந்தார். அடுத்த சில நாட்களில் ஊர் சூறையாடப்பட்டது. 20ஆம் தேதி கலீபாவைக் கொன்றார்கள். அரச இரத்தம் மண்ணில் சிந்தக்கூடாது என்பது மங்கோலியர் வழக்கம், அதனால் கம்பளத்தில் சுருட்டி மிதித்துக் கொன்றதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

ஹுலாகுவோடு இருந்த வானியல் அறிஞர் நஸீருத்தீன் தூஸியின் பெயரில் ஒரு குறிப்பு உண்டு. கலீபாவின் முன் தங்கத் தட்டை வைத்து 'சாப்பிடு' என்றாராம் ஹுலாகு. 'தங்கத்தை எப்படிச் சாப்பிடுவது?' என்று கலீபா கேட்க, 'அப்படியானால் ஏன் சேர்த்து வைத்தாய்? படைவீரர்களுக்குக் கொடுத்திருக்கலாமே' என்றாராம். மார்க்கோ போலோ காலத்துக்குள் இதுவே வளர்ந்து, கலீபாவைப் பொக்கிஷ அறையில் பூட்டிப் பட்டினி போட்ட கதை ஆகிவிட்டது.


பழைய ஏடு எழுதியது:

நல்ல தொடக்கம் ஐயா. இறந்தவர் எண்ணிக்கை பற்றி ஒரு குறிப்பு. ஹுலாகுவே 1262இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயிக்கு அனுப்பிய கடிதத்தில் 2 லட்சத்துக்கு மேல் கொன்றதாகச் சொல்கிறார். பிற்கால அரபு, பாரசீக நூல்களில் அது 8 லட்சம், அதற்கும் மேல் என்று ஏறுகிறது. நம் இழைகளில் பெரிய எண்ணை மட்டும் எடுத்துப் போடும் பழக்கம் இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

டைக்ரிஸ் ஆறு மையால் கறுத்து ஓடியது என்ற கதையும் அப்படித்தான். நூலகங்கள் அழிந்தது உண்மை. ஆனால் எல்லா நூலும் ஆற்றில் போகவில்லை. தூஸி பாரசீகத்தின் மராகாவில் 1259இல் வானாய்வகம் கட்டத் தொடங்கியபோது பாக்தாத் நூல்களில் பல அங்கே போய்ச் சேர்ந்தன. இப்னுல் ஃபுவத்தி என்று ஒருவர். பாக்தாத் வீழ்ந்தபோது அவருக்கு 14 வயது, மங்கோலியரிடம் கைதியாகச் சிக்கினார். பின்னாளில் அவர்தான் மராகா நூலகத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். 1234இல் திறந்த முஸ்தன்ஸிரிய்யா மதரஸா இந்த அழிவுக்குப் பிறகும் நடந்தது. 1327இல் பாக்தாத் போன இப்னு பதூதா அங்கே பாடம் நடப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இதைச் சொன்னால் கொடுமையைக் குறைத்துச் சொல்கிறாய் என்று சிலர் கோபப்படுகிறார்கள். குறைக்கவில்லை. எஞ்சிய புத்தகங்களை யார் காப்பாற்றினார்கள் என்பதும் அந்த ஊரின் வரலாறுதானே?


நிலத்தடி நெருப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நிலவியல் படித்தவன். என்னைப் பொறுத்தவரை 1258ஐ 1257இலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு நடுவில் இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் சமாலாஸ் எரிமலை வெடித்தது. கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. சாம்பல் தூண் 40 கிலோமீட்டருக்கு மேல் எழுந்தது. மலையின் தலை உள்ளே சரிந்து பெரும் பள்ளமானது, இன்று அங்கே செகாரா அனாக் என்ற ஏரி இருக்கிறது.

கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் துளைத்தெடுத்த பனிக்கட்டியில் 1258-59 அடுக்கில் கந்தகம் குவிந்திருப்பதை விஞ்ஞானிகள் முன்பே பார்த்திருந்தார்கள். எந்த மலை என்றுதான் தெரியாமல் இருந்தது. 2013இல்தான் சமாலாஸ் என்று அடையாளம் கண்டார்கள். அதற்குத் துணை நின்றவற்றில் ஒன்று 'பாபத் லொம்போக்' என்ற பழைய ஏடு. நம் ஊரைப் போலவே அங்கும் பனை ஓலையில்தான் எழுதினார்கள். மலை சரிந்ததையும், கல்லும் குழம்பும் ஓடி வந்து பாமதான் என்ற தலைநகரை மூடியதையும், மக்கள் ஓடிப்போய் வெவ்வேறு ஊர்களில் தங்கியதையும் அது சொல்கிறது. அந்த நகரம் இன்னும் தோண்டி எடுக்கப்படவில்லை.

கந்தகப் படலம் வெயிலை மறைத்தது. 1258இல் ஐரோப்பாவில் வெயிலே இல்லாத கோடை, விடாத மழை, விளைச்சல் பொய்த்தது. பாக்தாத்தில் வெள்ளம், இங்கிலாந்தில் பஞ்சம், ஆட்சிக் குழப்பம் எல்லாவற்றையும் இந்த மலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.


வைகைக்கரையான் எழுதியது:

சமாலாஸ் விவரங்களுக்கு மிக்க நன்றி நண்பரே. ஓலையும் பனிக்கட்டியும் ஒரே விஷயத்துக்குச் சாட்சி சொல்வது அபூர்வம். ஆனால் கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடில்லை.

பாக்தாத்துக்கும் எரிமலைக்கும் சம்பந்தமில்லை. ஹுலாகு புறப்பட்டது வெடிப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்னால். பாக்தாத்தில் ஓடிய வெள்ளத்தில் முக்கியமானது மங்கோலியர் கரையை உடைத்துவிட்ட தண்ணீர். 1258 ஜனவரி நடுவில் நகரை விட்டு வெளியே வந்து சண்டையிட்ட கலீபாவின் படைக்குப் பின்னால் வாய்க்கால் கரைகளை உடைத்து வயலெல்லாம் நீராக்கினார்கள். திரும்ப வழியில்லாமல் ஏராளமானோர் மூழ்கினார்கள். அது மனிதர் செய்த வெள்ளம்.

இங்கிலாந்துப் பஞ்சத்துக்கு நீங்கள் சொல்வது பெரிய அளவில் பொருந்தும். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மாத்யூ பாரிஸ் அந்த ஆண்டைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். லண்டனில் மட்டும் ஏழைகள் 15,000 பேர் மாண்டதாக அவர் கணக்கு. ஜெர்மனியிலிருந்து கப்பலில் தானியம் வந்து இறங்கியதையும் சொல்கிறார். ஆனால் அவர் குறிப்பில் இன்னொன்றும் உண்டு, 1257 விளைச்சலே மோசம். பஞ்சத்தின் வேரை மலை ஒன்றிலேயே வைக்க முடியாது.


கடல்மல்லை எழுதியது:

இங்கிலாந்து விஷயத்தில் நான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வைகைக்கரையான் அண்ணன் கேட்ட மாதிரி பணம் போன வழி இதில் அப்படியே தெரிகிறது.

சிசிலி நாடு யாருக்கு என்று போப்பாண்டவருக்கும் ஜெர்மன் பேரரசர் பிரெடரிக்கின் வாரிசுகளுக்கும் சண்டை. போப்பாண்டவர் அந்த நாட்டை இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றியின் இளைய மகன் எட்மண்டுக்குத் தருவதாகச் சொன்னார். எட்மண்ட் சின்னப் பையன். தந்தை ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக அவர் கட்ட வேண்டிய தொகை 1,35,541 மார்க். கட்டாவிட்டால் திருச்சபையிலிருந்து விலக்கம். நாட்டில் பஞ்சம், அரசர் கேட்பதோ கண்ணால் பார்க்காத சிசிலிக்குப் பணம்.

1258 ஏப்ரல் 30 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குப் பிரபுக்கள் கவசத்தோடு வந்தார்கள். வாளை மட்டும் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். 'நான் என்ன, உங்கள் கைதியா?' என்று அரசர் கேட்டார். 'இல்லை ஐயா' என்றார் நார்ஃபோக் பிரபு ரோஜர் பைகாட். கூடவே, அரசரின் தாய்க்கு மறுமணத்தில் பிறந்த சகோதரர்களான பிரெஞ்சுக்காரர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றும், இனி 24 பேர் சொல்படி நடக்க வேண்டும் என்றும் சொன்னார். ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் அதுவே விதிகள் ஆனது. 15 பேர் ஆலோசனைக் குழு, ஆண்டுக்கு மூன்று முறை நாடாளுமன்றம். சைமன் டி மான்ட்ஃபோர்ட் அந்தக் குழுவில் ஒருவர். அக்டோபரில் அரசர் இதை ஏற்று நடப்பதாக லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் அறிக்கை போனது. நார்மன்கள் வந்த பிறகு இரண்டு நூற்றாண்டுகளாக அரசாணையில் ஒதுங்கியிருந்த ஆங்கிலம் அதில் திரும்பி வந்தது.

சிசிலி அப்போது யாருக்குப் போனது என்றால், பிரெடரிக்கின் மகன் மான்ஃப்ரெட் அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று பலெர்மோவில் முடிசூட்டிக்கொண்டார். ஹென்றியின் கனவு அதோடு போயிற்று. ஆண்டுக் குறிப்பில் இரண்டு தனித்தனி வரிகளாக இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டும் பலெர்மோவும் ஒரே கடனின் இரண்டு முனைகள்.


பழைய ஏடு எழுதியது:

அருமை கடல்மல்லை. நைசியாவையும் சேர்த்துவிடுகிறேன். கான்ஸ்டான்டிநோபிள் 1204இல் சிலுவைப் படையிடம் போன பிறகு கிரேக்கப் பேரரசு நைசியாவில் தங்கியிருந்தது. அங்கே பேரரசர் இரண்டாம் தியோடர் 1258 ஆகஸ்டில் இறந்தார். வயது 36தான் இருக்கும், நெடுநாள் நோயாளி. மகன் ஜானுக்கு 7 வயது. பையனுக்குக் காப்பாளராக நண்பர் ஜார்ஜ் மூஸலோனை வைத்துவிட்டுப் போனார். மூஸலோன் பெரிய குடும்பத்துக்காரர் அல்ல, பிரபுக்களுக்கு அவர்மேல் ஆத்திரம். தியோடர் இறந்த சில நாட்களில் நடந்த நினைவுப் பூசையில், தேவாலயத்துக்கு உள்ளேயே, அவரை வெட்டிப்போட்டார்கள். காப்பாளர் பதவி மிகைல் பாலயோலோகஸ் கைக்கு வந்தது. கான்ஸ்டான்டிநோபிளை 1261இல் மீட்டது அவருடைய ஆட்சிதான். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அந்தப் பையனின் பதினொன்றாம் பிறந்தநாளில், அவன் கண்களைக் குருடாக்கினார்.

இந்தப் பையனை ஆண்டுக் குறிப்புகளில் தேடினேன். 'தியோடர் மறைவு' என்ற வரியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதினேன்.


காயல் காற்று எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நம் பக்கத்து வீடுகளில் தினமும் சொல்லப்படும் ஒரு பெயர் இந்த ஆண்டில் இருக்கிறது, யாரும் இன்னும் குறிப்பிடவில்லை. ஷாதுலிய்யா தரீக்காவை (சூஃபி நெறியை) நிறுவிய இமாம் அபுல் ஹஸன் ஷாதுலி நாயகம் ஹிஜ்ரி 656இல், அதாவது 1258இல் வஃபாத்தானார்கள். மொராக்கோவில் பிறந்து, துனிஸ் நகரில் இருந்து, பிறகு அலெக்ஸாண்டிரியாவில் குடியேறியவர்கள். ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் ஹுமைதரா என்ற இடத்தில் உயிர் பிரிந்தது, அடக்கமும் அங்கேதான். கடைசிக் காலத்தில் கண்பார்வை போய்விட்டிருந்தது.

அவர்கள் ஓதிய ஹிஸ்புல் பஹ்ரு, கடல் பயணத்துக்கான துஆ. கடலோடிகளான நம் மக்கள் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் இன்றுவரை ஓதுகிறார்கள். பாக்தாத்தில் கிலாஃபத் அழிந்த அதே ஆண்டு இவர்களும் போனார்கள் என்பதைப் பள்ளியில் படித்தபோது யாரும் சேர்த்துச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கலீபாவின் அமைச்சர் இப்னு அல்கமி காட்டிக்கொடுத்தார் என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது உண்மையா?


வைகைக்கரையான் எழுதியது:

வஅலைக்கும் ஸலாம் காக்கா. ஷாதுலி நாயகம் பற்றிய குறிப்புக்கு நன்றி, பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டிய பெயர்.

இப்னு அல்கமி பற்றி: அவர் ஷியா. அவர் துரோகம் செய்தார் என்ற குற்றச்சாட்டைப் பின்னால் வந்த சுன்னி வரலாற்றாசிரியர்கள் ஓங்கிச் சொல்கிறார்கள். ஹுலாகு அவரை உயிரோடு விட்டு, நகர நிர்வாகத்தில் வைத்ததும் சந்தேகத்தை வளர்த்தது. அவரும் அதே 1258இல் சில மாதங்களில் இறந்துவிட்டார். ஆனால் நகரம் விழ ஒரு துரோகி தேவைப்படவில்லை. எதிரே பெரும்படை, சீனப் பொறியாளர்கள், மேற்குக் கரையில் மங்கோலியத் தளபதி பைஜுவின் இன்னொரு படை. உள்ளே அமைச்சருக்கும் தளபதிக்கும் தீராத பகை, சம்பளம் சரியாகப் போகாத வீரர்கள். பாரசீகத்தின் சுன்னி சிற்றரசர்கள் பலரும்கூட ஹுலாகுவுக்குப் படை அனுப்பியிருந்தார்கள். பழியை ஒரு ஷியா அமைச்சர் தலையில் போட்டால் இவ்வளவும் மறைந்துபோகிறது.

அந்தச் சிற்றரசர்களில் ஒருவரைப் பற்றி எழுதத்தான் இந்த இழையையே தொடங்கினேன். ஷிராஸ் நகரை ஆண்ட அபூபக்கர். மங்கோலியருக்கு முன்கூட்டியே பணிந்து கப்பம் கட்டியவர். அதனால் ஷிராஸ் தப்பியது. அந்த ஊரில் கவிஞர் ஸஅதி இருந்தார். இளமையில் பாக்தாத்தின் நிஜாமிய்யா மதரஸாவில் உதவித்தொகை பெற்றுப் படித்தவர். அவருடைய குலிஸ்தான் என்ற நூல் எழுதப்பட்டது 1258 வசந்தத்தில், ரோஜா பூக்கும் காலத்தில். பாக்தாத் எரிந்து இரண்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. முன்னுரையில் ஆண்டைச் சொல்லும்போது, எங்கள் காலம் இனிதாக இருந்த அந்தப் பொழுது ஹிஜ்ரி 656 என்கிறார்.

இதைப் படித்துவிட்டு ஸஅதிக்கு நெஞ்சமில்லை என்பவர்கள் உண்டு. அதே ஸஅதிதான் கலீபாவுக்கு அரபியிலும் பாரசீகத்திலும் இரங்கற்பா பாடினார். வானம் மண்ணின் மேல் இரத்த மழை பொழிந்தாலும் தகும் என்று தொடங்குகிறது பாரசீகப் பா. இரண்டும் ஒரே மனிதருடையவை. கப்பம் கட்டிப் பிழைத்த ஊரில் உட்கார்ந்து, தான் படித்த ஊருக்காக அழுதிருக்கிறார்.


மட்டுநகர் எழுதியது:

வைகைக்கரையான் அண்ணை, ஷிராஸ் அபூபக்கர் என்றதும் எனக்கொரு கேள்வி. பாண்டியருக்குக் குதிரை அனுப்பினது இவரோட நாடுதானே? நம்ம பக்கம் 1258இல் என்ன நிலைமை என்று ஒருத்தரும் இன்னும் எழுதேல்லை.


வைகைக்கரையான் எழுதியது:

அதேதான் தம்பி, சரியான இடத்தைப் பிடித்தீர்கள்.

1258இல் மதுரையில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் ஆட்சி. 1251இல் பட்டத்துக்கு வந்தவர். சோழர் இன்னும் இருக்கிறார்கள். மூன்றாம் இராசேந்திரன் 1279 வரை பெயருக்கு ஆண்டார். போசளர், காடவர், தெலுங்குச் சோடர் என்று எல்லோர் மேலும் படையெடுத்தவர் சுந்தரபாண்டியன். 'எம்மண்டலமும் கொண்டருளிய' என்று கல்வெட்டுகள் சொல்வது அவரைத்தான். திருவரங்கத்தைப் பொன்னால் வேய்ந்தவரும் அவர்தான். உங்கள் இலங்கைப் பக்கம் சந்திரபானு என்ற சாவக அரசன் பாண்டியருக்குத் திறை கட்டியதை 1258ஐ ஒட்டி வைக்கும் ஆய்வாளர்கள் உண்டு. 1260களில் வீரபாண்டியன் அவனைப் போரில் முடித்தது குடுமியான்மலைக் கல்வெட்டில் இருக்கிறது.

இத்தனை படையெடுப்புக்கும் குதிரை வேண்டும். நம் நாட்டில் நல்ல குதிரை வளராது. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதுகிறார்: ஷிராஸ் அபூபக்கர் காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மாபாருக்கும் கம்பாயத்துக்கும் மற்றத் துறைமுகங்களுக்கும் கப்பலேறின, விலை மொத்தம் 22 லட்சம் தினார். மாபார் என்பது நம் பாண்டிக் கடற்கரை. கம்பாயத் என்பது குஜராத்தின் காம்பே.

அபூபக்கர் ஆண்டது 1226 முதல் 1260 வரை. ஆக, ஸஅதியின் ஊரைக் காப்பாற்றிய அதே அரசரின் துறைமுகங்களிலிருந்து வந்த குதிரைகள் நம் கரையில் இறங்கின. பாக்தாத் போல ஷிராஸும் எரிந்திருந்தால் அந்தக் குதிரைகள் வந்திருக்குமா என்பதை யோசித்துப் பாருங்கள்.


நிலத்தடி நெருப்பு எழுதியது:

குதிரைக் கணக்கு பிரமாதம். இது மாதிரித் தொடர்பு இருந்தால் ஒப்புக்கொள்ள எனக்கும் மகிழ்ச்சிதான். பாக்தாத்தை என் வாதத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டை முழுவதும் விட்டுத்தர மாட்டேன். கடன் பல ஆண்டுகளாக இருந்தது. பிரபுக்கள் ஏன் 1258இல் துணிந்தார்கள்? ஊரெல்லாம் பசியில் கிடக்கும்போது வரி கேட்ட அரசருக்காக யாரும் முன்வரவில்லை என்பதும் ஒரு காரணம்.


கடல்மல்லை எழுதியது:

அதை நானும் ஏற்கிறேன் நண்பரே. ஆனால் மாதத்தைப் பாருங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் அவர்கள் போனது ஏப்ரலில். அப்போது மக்கள் பட்டினி கிடந்தது முந்தைய ஆண்டு விளைச்சல் போனதால். வெயிலில்லாத கோடை அதற்குப் பிறகுதான் வந்தது. பசி காரணம், சரி. அந்த ஏப்ரல் பசியில் உங்கள் மலைக்குப் பங்கு குறைவு.


புதுமாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். இறந்தவர்கள் பற்றி நிறைய வந்துவிட்டது. அந்த ஆண்டு பிறந்தவர்கள் யாராவது முக்கியமானவர்கள் உண்டா அண்ணா? உஸ்மானியப் பேரரசின் முதல் உஸ்மான் பிறந்தது 1258 என்று படித்தேன். அது சரியா?


பழைய ஏடு எழுதியது:

வாங்க தங்கச்சி. உஸ்மான் பிறந்த ஆண்டு மரபு வழியாகச் சொல்லப்படுவது. பாக்தாத் விழுந்த ஆண்டே புதிய வம்சத்தின் தலைவர் பிறந்தார் என்றால் கேட்க நன்றாக இருக்கிறதல்லவா, அதனால் நிலைத்துவிட்டது. அவர் காலத்தில் எழுதிய சான்று அதற்கு இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடிய பிறப்பு வியட்நாமில். முதலில் பின்னணி. ஹுலாகு பாக்தாத்தைச் சூழ்ந்த கிட்டத்தட்ட அதே நாட்களில், ஜனவரி கடைசியில், மோங்கேயின் இன்னொரு தளபதி உரியாங்கடாய் இன்றைய ஹனோயான தாங் லாங்கில் இருந்தார். வியட்நாமியர் ஊரைக் காலி செய்துவிட்டு ஆற்று வழியே விலகிப் போயிருந்தார்கள். வந்த படைக்குச் சோறில்லை. கலங்கிய அரசர் கேட்டபோது, 'என் தலை இன்னும் தரையில் விழவில்லை, கவலை வேண்டாம்' என்றார் முதிய அமைச்சர் டிரான் து டோ. பிறகு படகுகளில் திரும்பி வந்து அடித்து விரட்டினார்கள். ஒரே பேரரசு, கிட்டத்தட்ட ஒரே நேரம், கிழக்கே பின்வாங்கியது, மேற்கே வென்றது. வைகைக்கரையான் ஐயா கேட்ட அர்த்தத்தில் இது உண்மையான தொடர்பு, இரண்டு படையும் மோங்கே அனுப்பியவை.

வென்ற அரசர் சில வாரங்களில் மகனுக்குப் பட்டம் கட்டினார். அந்த மகனுக்கு 1258 கடைசியில் பிறந்த பிள்ளைதான் டிரான் நியான் டோங். குப்லாய் கான் அனுப்பிய பெரும்படைகளை 1285இலும் 1288இலும் தோற்கடித்தது அவருடைய ஆட்சியில். பிறகு அரசை மகனிடம் விட்டுவிட்டுத் துறவியாகி, யென் து மலையில் தங்கி, சுக் லாம் என்ற வியட்நாமிய ஜென் மரபைத் தொடங்கினார். துறவியாகவே 1301இல் தெற்கே சம்பா நாட்டுக்குப் போய், ஜயசிம்மவர்மன் என்ற அந்நாட்டு அரசருக்குத் தம் மகளைத் தருவதாக வாக்குக் கொடுத்தார். 1306இல் திருமணம் நடந்தது, பதிலுக்கு இரண்டு மாவட்டங்கள் வியட்நாமுக்கு வந்தன. சிவன் கோயில்கள் கட்டிய சம்பாவைப் பற்றி இங்கே நிறையப் பேருக்கு ஆர்வம் இருப்பதால் சொன்னேன்.


புதுமாணவி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. சம்பாவுக்குத் தனி இழை தொடங்கலாமா? அந்த இளவரசிக்கு அப்புறம் என்ன ஆனது?


பழைய ஏடு எழுதியது:

தாராளமாகத் தொடங்குங்கள். இளவரசி பெயர் ஹுயென் சான். திருமணமான அடுத்த ஆண்டே கணவர் இறந்தார். உடன்கட்டை ஏற வைத்துவிடுவார்கள் என்று பயந்து, வியட்நாம் அரசவையிலிருந்து ஆள் அனுப்பிக் கடல் வழியாக அழைத்துவந்துவிட்டார்கள். மீதியை அங்கே எழுதுகிறேன்.